வெங்காய நிறக் கூரை

மார்ச் 3, செவ்வாய்

நாள் முழுக்கக் கால்சட்டை நீளம் குறைக்கும் வேலை. ஊரில் எல்லோரும் ஒரே வாரத்தில் குட்டையாகிப் போனார்களா? முதுகு கழன்றுவிட்டது. தையல் கடைக்கார அம்மா தலைவலி என்று பாதியிலேயே கிளம்பிவிட்டார். எனக்கு மட்டும் தலைவலி வரக் கூடாது என்று சட்டம்.

மாலையில் சின்னவள் வண்டியில் வந்து ஏற்றிக்கொண்டாள். மாமாவுக்குக் கண் மங்கியதிலிருந்து வண்டி அவள் கையில்தான். மாமா பெற்ற பிள்ளைகள் இரண்டு பேரும் - என்னவரும் சரி, கொழுந்தனும் சரி - ஸ்டியரிங் பக்கம் உட்கார்ந்ததே இல்லை. வீட்டுக்கு வந்த இரண்டாவது மருமகள்தான் போய் லைசென்ஸ் வாங்கி வந்தாள். ஓரகத்தியைப் புகழ்ந்து எழுதுகிறேனே என்று எனக்கே ஆச்சரியம். இருக்கட்டும், இதை யார் படிக்கப் போகிறார்கள்.

மேம்பாலம் ஏறும்போது அது நடந்தது. ரொம்ப நாளாகப் பின்பக்கம் வயிறு தள்ளித் தொங்கிக்கொண்டிருந்த வண்டியின் உள்கூரைத் துணி, 'சர்' என்று முன்பக்கமும் விட்டுப்போய், எங்கள் இருவர் தலையிலும் முக்காடாக விழுந்தது. நான் அலறினேன். அவள் அலறவில்லை. ஒரு கையில் ஸ்டியரிங், இன்னொரு கையால் துணியை நெற்றிக்கு மேலே தூக்கிக்கொண்டு, "அக்கா, பின்சீட்டுல ஒரு கேக் பெட்டி இருக்கு, எடுங்க" என்றாள். இந்த நேரத்தில் கேக் ஒரு கேடா என்று திட்டப் போனேன். அவள் கேட்டது அவள் வேலை பார்க்கும் பேக்கரியின் காலிப் பெட்டியை. உயரமான அட்டைப் பெட்டி. அதை எங்கள் இருவருக்கும் நடுவில் தூண் மாதிரி நிறுத்தச் சொன்னாள். துணி மேலே போய் நின்றது. சாலை தெரிந்தது.

வீடு வரை கூடாரத்துக்குள் உட்கார்ந்து வந்தோம். வழியெல்லாம் அவள் சிரித்துக்கொண்டே ஓட்டினாள். எனக்கு அந்தச் சிரிப்பு எரிச்சலாக இருந்தது. பாதி எரிச்சல்.

மார்ச் 4, புதன்

மாமா காலையிலேயே என் ஊசி டப்பாவை வாங்கிக்கொண்டு வண்டிக்குள் போய்விட்டார். "என்ன பெரிய வித்தை? நாலு குண்டூசி குத்தினா நிக்கப் போவுது." கண் தெரியாமல் தடவித் தடவிக் குத்தினார். வெளியே வந்து கையைத் தட்டிக்கொண்டார்.

மாலையில் என்னவர் பின்சீட்டில் ஏறினார். ஒரு குண்டூசி சட்டைக் காலருக்குள் இறங்கியது. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனிதர் இவ்வளவு வேகமாக அசைந்து நான் பார்த்ததில்லை.

மார்ச் 6, வெள்ளி

சாப்பிடும்போது சின்னவள் சொன்னாள். ஊரின் அந்தக் கோடியில் இருக்கும் பெரிய ஹோட்டலில் அவளை வேலைக்கு எடுத்துக்கொள்கிறார்களாம். கேக் பிரிவில். ஏப்ரல் முதல் தேதி சேர வேண்டும். தெருமுனை பேக்கரியில் இத்தனை நாள் அவள் பூவும் பொம்மையும் போட்ட கேக்குகளை யாரோ படமெடுத்துக் காட்டியிருக்கிறார்கள். ஹோட்டல்காரர்களே தேடி வந்திருக்கிறார்கள். அவள் அதைப் பெரிதாகச் சொல்லவே இல்லை. "கூப்பிட்டாங்க, போய்ப் பார்த்தேன், சரின்னாங்க." அவ்வளவுதான். நானாக இருந்தால் தெருவுக்கே அறிவித்திருப்பேன்.

வேலை விடியும் முன்னே தொடங்குமாம். அந்த நேரத்துக்குப் பேருந்து கிடையாது. வண்டி இருந்தால் போகலாம். ஆனால் வண்டிக்கு இருபத்து நாலாம் தேதி தகுதிச் சோதனை. என்னவர் சொன்னார்: "அந்தக் கூரையோட போனா வாசல்லயே திருப்பிடுவாங்க. பின்னாடி என்ன வருதுன்னு கண்ணாடியில ஒண்ணுமே தெரியல. கூரை மாத்துறவன்கிட்ட கேட்டேன். அவன் சொல்ற கூலிக்கு இன்னொரு பழைய வண்டியே வாங்கலாம். பேசாம பழைய இரும்புக்குப் போட்டுடலாம்."

அப்படியானால் கொழுந்தனும் சின்னவளும் அந்தப் பக்கமே வீடு பார்த்துப் போக வேண்டியதுதான். தனிக்குடித்தனம். கொழுந்தன் ஏதோ சொல்ல வாயெடுத்தான். சின்னவள் அவன் தட்டில் இன்னொரு கரண்டி சோற்றை வைத்தாள். அவன் வாயை மூடிக்கொண்டான்.

நல்லதுதானே. அடுப்படி எனக்கே எனக்கு. இந்தப் பெண் டப்பா மூடியைத் திருகவே மாட்டாள், மேலே சும்மா வைத்துவிட்டுப் போய்விடுவாள். நான் தூக்கினால் மூடி மட்டும் கையோடு வரும், டப்பா காலில் விழும். நான் மூடினால் யாராலும் திறக்க முடியவில்லை என்று இவர்கள் புகார் சொல்வது வேறு கதை. இனிமேல் காலில் எதுவும் விழாது.

நிம்மதியாகத்தானே இருக்க வேண்டும்? சோறு ஏன் இறங்கவில்லை?

மார்ச் 7, சனி

ஒன்றுமில்லை. வெயில்.

மார்ச் 8, ஞாயிறு

ஞாயிற்றுக்கிழமைகளில் சின்னவள் பேக்கரியிலிருந்து கேக் விளிம்புகளைக் கொண்டுவருவாள் - சதுரமாக வெட்டியபின் மிஞ்சுகிற ஓரங்கள். மாமா "அமிர்தம்" என்பார். என்னவர் "சூப்பர்" என்பார். கொழுந்தன் வாய் நிறைய இருப்பதால் கட்டைவிரலைக் காட்டுவான். நான் உள்ளதைச் சொல்வேன். இன்று சொன்னது: "இனிப்பு தூக்கல். அடியில ஈரம் பத்தல."

வழக்கம்போல அவள் என் தட்டிலிருந்து ஒரு துண்டு கிள்ளி வாயில் போட்டு, கண்ணை மூடிக்கொண்டு மென்றாள். "ஆமாக்கா" என்றாள். முகம் வாடியதா இல்லையா என்று எனக்குத் தெரியவில்லை. என் வாய்க்கு ஒரு பூட்டு போட்டால் தேவலை. ஆனால் தூக்கல் என்றால் தூக்கல்தானே?

தட்டுகளை அலம்பும்போது பக்கத்தில் வந்து நின்றாள். "அக்கா, அந்தக் கூரையை நாமளே பண்ணிடலாமா? உங்களுக்குத் துணி தெரியும். எனக்குப் பசை மாதிரி பிசுபிசுக்கிற எல்லாம் தெரியும்."

சிரித்துவிட்டேன். பிறகு சரி என்றேன். ஏன் என்று என்னை நானே கேட்டுக்கொள்ளவில்லை. இப்போது கேட்கிறேன். வண்டி ஓடினால் அவள் போக மாட்டாள். அதுதான். வேறொன்றுமில்லை.

மார்ச் 11, புதன்

துணி வாங்கிவிட்டோம். முதுகில் மெல்லிய ஸ்பாஞ்சு ஒட்டிய சாம்பல் நிறத் துணி. அதுதான் வேண்டுமாம், வெறும் துணி கூடாதாம். பழைய துணி விழுந்ததற்கே காரணம் அதன் ஸ்பாஞ்சு மட்கிப் பொடியானதுதான் என்று கடைக்காரர் சொன்னார். பசை, வெயில் சூட்டைத் தாங்கும் ரகம். டப்பாவை அழுத்தினால் தூறலாக வருவது.

என்னவர் பார்த்துவிட்டு "பார்க்கலாம்" என்றார். உலகம் தலைகீழானாலும் இவர் சொல்வது இதுதான்.

மார்ச் 14, சனி

உடம்பெல்லாம் வலி. ஆனாலும் எழுத வேண்டும்.

கூரைத் துணி நேரே தகரத்தில் ஒட்டியிருக்கும் என்றல்லவா நினைத்திருந்தேன்? இல்லை. வண்டிக்குள் அடங்குகிற மாதிரி வளைத்துச் செய்த பெரிய அட்டை ஒன்று. துணி அதில் ஒட்டியிருக்கிறது. அந்த அட்டையை முழுதாக வெளியே எடுக்க வேண்டும். அதற்கு முன்னால் அதைப் பிடித்திருக்கும் எல்லாவற்றையும் கழற்ற வேண்டும் - விளக்கு, கைப்பிடிகள், வெயில் மறைப்புகள், கதவோரத்துப் பிளாஸ்டிக் பட்டைகள்.

நான் திருப்புளியோடு பாய்ந்தேன். முதல் பட்டையின் கொக்கி என் கையில் உடைந்து வந்தது. சின்னவள் அவளுடைய க்ரீம் தடவும் தட்டைக் கத்தியில் துணி சுற்றிக்கொண்டு வந்தாள். பட்டைக்கு அடியில் அதைச் செருகி, மெதுவாக நகர்த்திக்கொண்டே போனாள். கொக்கி எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்கவில்லை, விரலால் கேட்டாள். ஓர் இடத்தில் நின்றாள். 'டக்.' முழுசாக வந்துவிட்டது. அடுத்தது. 'டக்.' அதற்குப் பிறகு ஒன்றுகூட உடையவில்லை.

இன்னொன்று. கழற்றிய திருகுகளை, மேலே மாட்டியிருந்த என்னவரின் பழைய சட்டைப் பையில் போட்டுக்கொண்டிருந்தேன். அவள் குட்டிக் கேக் சுடும் குழித் தட்டைக் கொண்டுவந்து, வண்டியின் எந்த இடத்துத் திருகோ தட்டிலும் அதே இடத்துக் குழியில் போட்டாள். இடது முன் மூலைக்கு இடது முன் குழி. எழுதி ஒட்ட வேண்டாம், நினைவில் வைக்க வேண்டாம். பார்த்துக்கொண்டே நின்றேன். என் பையில் இருந்ததையெல்லாம் அவள் கையில் கொட்டினேன்.

முன்சீட்டுகளைச் சாய்த்துப் போட்டு, அட்டையை முன்கதவு வழியாக எடுத்தோம். அது வளையும், ஆனால் மடிந்தால் போச்சு. தூங்குகிற குழந்தையைக் கட்டில் மாற்றுவது போல ஆளுக்கொரு பக்கம் தாங்கிக்கொண்டு வந்தோம். மாமா வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து, "இடது பக்கம், இடது பக்கம்" என்று ஆணையிட்டார். எது இடது என்று கடைசி வரை தெரியவில்லை.

மாலை முழுக்க அட்டையிலிருந்து பழைய ஸ்பாஞ்சைத் துலக்கினோம். செம்மண் மாதிரி பொடி. மூக்கில் துணி கட்டியிருந்தும் தும்மல். கொழுந்தன் ஆஸ்பத்திரி டியூட்டி முடிந்து வந்தவன், எங்களைப் பார்த்து, "யாரு இவங்க, மிளகாய்த்தூள் மில்லுல வேலை பார்க்கிறவங்களா?" என்றான். சின்னவள் தலையை அவன் சட்டை மேலே உதறினாள்.

மார்ச் 15, ஞாயிறு

முடித்துவிட்டேன்! என்ன அழகு!

துணி விரிக்கும் நேரம் வந்ததும் சின்னவளிடம், "இது என் வேலை, நீ தள்ளு" என்றேன். "சரிக்கா" என்று பசை டப்பாவோடு ஒதுங்கிக்கொண்டாள். ஓரத்தில் சுற்றிலும் கவ்விகள் போட்டு, நூல் நேராகப் பிடித்து, இழுத்து இழுத்துக் கட்டினேன். ஒரு சுருக்கம் இல்லை. அட்டையில் விளக்கு வரும் இடத்தில் ஒரு பள்ளம், வெயில் மறைப்புகளுக்கு இரண்டு பள்ளம். அங்கேயும் இழுப்பு குறையவில்லை, அழுத்தி அழுத்தி ஒட்டினேன்.

அவள் ஒரே ஒரு தடவை கேட்டாள்: "அந்தப் பள்ளத்துல கொஞ்சம் தளர்வா விடலாமாக்கா?"

"தளர்வா விட்டா சுருக்கம் விழும். எத்தனை வருஷமாத் துணி பிடிக்கிறேன், எனக்குத் தெரியாதா?"

"சரிக்கா."

இருட்டும் முன்னே அட்டையை மாட்டியாகிவிட்டது. என்னவர் உள்ளே உட்கார்ந்து விரலால் தட்டிப் பார்த்தார். 'டொம்' என்றது. "மத்தளம் மாதிரி இருக்கு" என்றார். அதைப் புகழ்ச்சி என்று எடுத்துக்கொண்டேன்.

மார்ச் 17, செவ்வாய்

போச்சு.

நேற்றும் இன்றும் நல்ல வெயில். கண்ணாடி மூடிய வண்டி அடுப்பாகக் கொதித்திருக்கிறது. மதியம் சாப்பிட வந்தபோது கதவைத் திறந்து பார்த்தேன். மூன்று பள்ளத்திலும் துணி கழன்று குறுக்கே பாலம் போட்டு நிற்கிறது. விரலால் தொட்டேன். விளக்குப் பக்கத்திலிருந்து பட்பட்டென்று ஓரம் வரைக்கும் விட்டுப் போச்சு. என் கண் முன்னாலேயே. எல்லாம். மொத்தமும்.

பசை சரியில்லை என்று கத்தினேன். கடைக்காரன் பழைய சரக்கைத் தலையில் கட்டிவிட்டான் என்றேன். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். எனக்குத் தெரியுதே, பசை மேல தப்பு இல்லைன்னு. நான்தான் இழுத்தேன். நான் இழுத்த இழுப்புதான் அது.

என்னவர் "அப்ப இரும்புக்காரனுக்குச் சொல்லிடவா?" என்றார். நல்லவேளை, கையில் கத்தரிக்கோல் இல்லை.

மார்ச் 18, புதன்

அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. "நான் அன்னைக்கே சொன்னேனே" - இதைச் சொல்லாமல் இருக்க ஒரு மனுஷியால் முடியுமா? என்னால் முடியாது. நான் காலையில் சொல்லி, மதியம் சொல்லி, சாயங்காலம் விருந்தாளிகளிடமும் சொல்லியிருப்பேன். அவள் பாட்டுக்கு ஏதோ மெட்டை முனகிக்கொண்டே தட்டு துடைக்கிறாள்.

தாங்க முடியாமல் நானே கேட்டேன். "தளர்வா விடலாமான்னு கேட்டியே, ஏன் அழுத்திச் சொல்லல?"

"எனக்கும் உறுதியாத் தெரியலக்கா. நீங்க அவ்வளவு அழகா இழுத்தீங்க. நானே நம்பிட்டேன்."

பொய் சொல்கிறாளோ என்று முகத்தைப் பார்த்தேன். இல்லை. நிஜமாகவே நம்பியிருக்கிறாள். அது இன்னும் வலித்தது.

பிறகு, யோசித்து யோசித்துச் சொன்னாள். "சட்டைக்குள்ள உடம்பு இருக்கும்லக்கா, அது துணியை உள்ளேருந்து தாங்கிக்கும். இங்க உள்ள என்ன இருக்கு, பள்ளம்தானே? கேக்குக்கு மேல சர்க்கரை மாவைத் தகடாத் தேய்ச்சுப் போர்த்துவோம். அதை இழுத்தா எங்கயாவது விட்டுரும். முதல்ல பள்ளத்துல இறக்கிட்டு அப்புறம்தான் மேடு."

தைக்கத் தெரிந்தவள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. தெரியாதவள் செய்திருந்தால் தொளதொளவென்று ஒட்டித் தப்பித்திருப்பாள்.

"மறுபடி பண்ணலாமா?" என்று நான் கேட்டேன். கெஞ்சுகிற மாதிரிதான் வந்தது குரல்.

"பின்ன? பண்ணாம?" என்றாள்.

மார்ச் 19, வியாழன்

உரித்தெடுத்த துணி உதவாது, ஸ்பாஞ்சு பிய்ந்துவிட்டது. கடைக்குப் போனால் சாம்பல் நிறம் தீர்ந்துவிட்டதாம். வர இரண்டு வாரம் ஆகுமாம். எங்களிடம் ஏது இரண்டு வாரம்? ஸ்பாஞ்சு வைத்த துணியில் மிச்சம் இருந்தது ஒரே நிறம். வெங்காயத்தின் வெளித்தோலை உரித்ததும் தெரியுமே, அந்த இளஞ்சிவப்பு. யாரோ சோபாவுக்கு ஆர்டர் கொடுத்துவிட்டு வாங்காமல் போனது. ஏன் வாங்கவில்லை என்று பார்த்ததுமே புரிந்தது.

நான் தயங்கினேன். சின்னவள் துணியை நாலு பக்கமும் இழுத்துப் பார்த்தாள். "இது எல்லாப் பக்கமும் கொடுக்குதுக்கா. பழசைவிட நல்லது." நிறத்தைப் பற்றிப் பேசவே இல்லை.

மார்ச் 22, ஞாயிறு

இன்று கண்டதை விட்டுப்போகாமல் எழுதிவைக்க வேண்டும்.

நேற்று அட்டையை மறுபடி இறக்கிச் சுத்தம் செய்துவிட்டோம். இன்று காலை, வெயில் ஏறும் முன்னே, கூடத்து மேசையை வெளியே போட்டு அட்டையை அதில் கிடத்தினோம். அவள் துணியை அதன்மேல் விரித்து, ஒரு பாதியை மறுபாதி மேல் மடித்துப் போட்டாள். அட்டையிலும் துணியின் முதுகிலும் பசைத் தூறல். அப்புறம் சும்மா நின்றாள். எனக்குக் கை பரபரத்தது. "காயுது, காயுது" என்றேன். விரலின் பின்பக்கத்தால் தொட்டுப் பார்த்தாள். "இன்னும் கூடவே வருதுக்கா." மறுபடி நின்றாள். அதே மெட்டு முனகல். மறுபடி தொட்டாள். பசை விரலோடு வரவில்லை, ஆனால் விரலை விடவும் மனமில்லாமல் விட்டது. "இப்ப."

நடு விளக்குப் பள்ளத்தில் ஆரம்பித்தாள். துணியைத் தானாகவே இறங்கவிட்டாள். விரல் முட்டியால் பள்ளத்தின் அடியை முதலில் தொட்டாள், பிறகு சுவர், பிறகு உதடு. அதற்கப்புறம்தான் மேட்டுக்கு வந்தாள். உள்ளங்கையை நடுவிலிருந்து வெளியே, நடுவிலிருந்து வெளியே. எங்கேயும் அவசரமில்லை, எங்கேயும் தயக்கமும் இல்லை. ஓர் இடத்தில் சின்னச் சுருக்கம் எழும்பியது. நானாக இருந்தால் ஓரத்தைப் பிடித்து வெடுக்கென்று இழுத்திருப்பேன். அவள் சுருக்கத்தை இழுக்கவில்லை. அதைச் சுற்றியிருந்த துணியைத் தடவித் தடவி, சுருக்கத்துக்கு இடம் கொடுத்தாள். அது அடங்கிவிட்டது.

என் வேலை, ஒட்டாத மிச்சத் துணியைக் கையில் தூக்கிப் பிடித்துக்கொண்டு இழுக்காமல் இருப்பது. இழுக்காமல் இருப்பது மட்டும்தான். வாழ்க்கையில் இவ்வளவு கஷ்டமான வேலையை நான் பார்த்ததில்லை. இரண்டு தடவை "அக்கா, கை..." என்றாள். இரண்டு தடவையும் என்னை அறியாமல் இழுத்துக்கொண்டிருந்தேன்.

ஓரங்கள் வந்ததும் கத்தரிக்கோலை என் கையில் கொடுத்தாள். "இது உங்க கை. எனக்கு வராது." விளக்குக் குழியை நட்சத்திரமாக வெட்டி உள்ளே மடித்தேன். விளிம்பு முழுவதும் வளைவுக்கு வளைவு வெட்டுக் கொடுத்து முதுகில் திருப்பி ஒட்டினேன். கைக்குழி வளைவு தைத்துத் தைத்துப் பழகிய கை. ஒரு பிசிறு இல்லை. அவள் குனிந்து பார்த்து, "எப்படிக்கா இப்படி!" என்றாள். அவள் எல்லாரையும் இப்படித்தான் மெச்சுவாள், வாயில் வந்ததை அல்ல, கண்ணில் பட்டதை. இத்தனை நாள் அதை ஐஸ் வைக்கிறாள் என்று நினைத்திருந்தேன்.

மாட்டி முடித்தோம். குழித் தட்டில் ஒரு திருகுகூட மிஞ்சவில்லை. ஆண்கள் மூவரும் ஏறி உட்கார்ந்தார்கள். என்னவர் மேலே பார்த்துவிட்டு, "வெங்காயத்துக்குள்ள உட்கார்ந்த மாதிரி இருக்கு" என்றார். மாமா கையை உயர்த்திக் கூரையைத் தடவினார், பள்ளம் பள்ளமாக, மூலை மூலையாக. "கண்ணுல தண்ணி வரலையே" என்றார். ஆனால் வந்திருந்தது.

வேண்டாதவள் கைபட்டாலும் குற்றம், கால்பட்டாலும் குற்றம் என்பார்கள். நாலு வருடமாக நான் அப்படித்தான் டப்பா மூடியை எண்ணிக்கொண்டிருந்தேன். இவள் என்ன மாதிரி கெட்டிக்காரி! எவ்வளவு பொறுமை, எவ்வளவு நல்ல மனசு! எனக்கு இவளை ரொம்பப் பிடித்திருக்கிறது. எழுதிவிட்டேன். போகக் கூடாது இவள்.

மார்ச் 23, திங்கள்

வெயில். கடையில் மனசே இல்லை. மதியம் ஓடிவந்து பார்த்தேன். ஒட்டியிருக்கிறது. பள்ளத்தில் விரல் வைத்து அழுத்தினேன். அசையவில்லை.

சாயங்காலமும் பார்த்தேன். "தேஞ்சிடப் போவுது" என்றார் மாமா.

மார்ச் 24, செவ்வாய்

கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டு அவளோடு சோதனைக்குப் போனேன். சிரிக்கவே கூடாது என்று யாரோ சத்தியம் வாங்கியது போல ஓர் அதிகாரி. விளக்கு, பிரேக், ஹாரன். அப்புறம் உள்ளே உட்கார்ந்து பின்பார்வைக் கண்ணாடியைப் பார்த்தார். அண்ணாந்தார். கூரையில் உள்ளங்கையை வைத்து அழுத்தினார்.

"இது யார் போட்டது?"

"நாங்கதான் சார்," என்றாள் சின்னவள். "இவங்க வெட்டினாங்க, நான் ஒட்டினேன்."

"ஏன் இந்தக் கலர்?"

அவள் என்னைப் பார்த்தாள். நான் சொன்னேன்: "கடையில இதுதான் சார் இருந்துச்சு."

தலையை ஆட்டினார். கூரை சரியாம், ஆனால் மழைத் துடைப்பான் ரப்பர் கிழிந்திருக்கிறதாம், மாற்றிக்கொண்டு வரச் சொன்னார். பக்கத்துக் கடைக்கு ஓடினோம். அவள் அங்கேயே நின்றபடி மாட்டினாள். திரும்பிப் போனதும் முத்திரை குத்திக் கொடுத்துவிட்டார்.

வண்டியில் ஏறிக் கதவைச் சாத்தியதும் இருவரும் ஒரே நேரத்தில் கத்தினோம். வெளியே நின்றவர்கள் திரும்பிப் பார்த்தார்கள்.

ஏப்ரல் 1, புதன்

இருள் பிரியும் முன்னே வேலைக்குக் கிளம்பிப் போனாள். தேநீர் போட்டுக் கொடுத்தேன். "நீங்க ஏன்க்கா எழுந்தீங்க?" என்றாள். தூக்கம் வரவில்லை என்றேன்.

மே 9, சனி

அடுப்பங்கரையில் மிளகு டப்பா காலில் விழுந்தது. பொறுக்கி எடுத்தேன். மூடியைச் சும்மா மேலே வைத்தேன்.

ஜூன் 11, வியாழன்

ஜூன் பிறந்தும் கோடை தணியவில்லை. ஹோட்டல் வாசல் வெயிலில் நாள் முழுக்க நிற்கிற வண்டி. கூரை ஒரு நூல் இறங்கவில்லை.

இன்று கொழுந்தனுக்கு வார விடுமுறை. நான் அவன் சட்டைக்குப் பொத்தான் தைத்துக்கொண்டிருந்தேன், அவன் பக்கத்தில் உட்கார்ந்து செய்தித்தாள் புரட்டிக்கொண்டிருந்தான். பேச்சுவாக்கில் சொன்னான்: "ஹோட்டல்ல குவார்ட்டர்ஸை வேற யாருக்கோ குடுத்துட்டாங்களாம் அண்ணி. நல்ல வீடு. ரெண்டு ரூம், வாடகை கிடையாது, அஞ்சு நிமிஷம் நடந்தா வேலை."

"என்ன குவார்ட்டர்ஸ்?"

நாக்கைக் கடித்துக்கொண்டான். பிறகு, சொல்லிவிட்டோமே இனி என்ன என்கிற மாதிரி சொன்னான். வேலைக்கு எடுத்த அன்றே அந்த வீட்டையும் தருவதாகச் சொல்லியிருக்கிறார்கள். மார்ச்சிலேயே. "யார்கிட்டயும் மூச்சு விடக் கூடாதுன்னுட்டா. தெரிஞ்சா எல்லாரும் 'போ, போ'ன்னு அனுப்பிடுவீங்களாம். வண்டியைச் சரி பண்ணிட்டா கேள்வியே வராதுன்னா. நான் என்ன பண்றது, சொல்லுங்க."

அன்றைக்குத் தட்டில் விழுந்த அந்தக் கரண்டிச் சோறு நினைவுக்கு வந்தது. ஊசி விரலில் குத்தியதுகூடத் தெரியவில்லை. அவள் போய்விடக் கூடாது என்று நான் கையை அடக்கிக்கொண்டு துணி பிடித்தேன். அவளும் அதற்காகத்தானா மிளகாய்த்தூளில் குளித்தாள்? போகாமல் இருக்கத்தானா?

மாலையில் வந்தாள். கையில் கேக் பெட்டி. கொழுந்தன் பூனை மாதிரி நழுவிவிட்டான். நேரடியாகக் கேட்டேன்.

"ஏண்டி, வாடகை இல்லாத வீட்டை யாராவது வேண்டாம்பாங்களா?"

அவள் முகம் சிவந்தது. பெட்டியின் கயிற்றைப் பிரித்துக்கொண்டே சொன்னாள்: "அங்க போனா எல்லாரும் சூப்பர் சூப்பர்னுதான்க்கா சொல்வாங்க. நல்லா இல்லன்னு யார் சொல்வா?"

அவள் ஒரு துண்டு வெட்டி என்னிடம் நீட்டினாள். தின்றேன். அவள் என் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றாள்.

இனிப்பு கொஞ்சம் தூக்கல். சொன்னேன்.